அசையாமல் உட்கார்ந்தவர்

நைனா தரையில் உட்காரும்போது அவருடைய வலது முழங்காலிலிருந்து ஒரு சத்தம் வரும். காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அந்த மாதிரி. காலையில் தியான நேரத்தில் குடோனுக்குள் வேறு சத்தமே இருக்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓடாது, லாரி உள்ளே வராது, எங்கள் செல்போன்களெல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். அந்த அமைதியில் அவர் முழங்கால் 'மடக்' என்றதும் பின்வரிசையில் எவனாவது ஒருத்தன், "நைனா, நட்டு கயண்டுகிச்சி பாரு, பொறுக்கி வெச்சுக்க" என்பான். வரிசை வரிசையாகத் தோள்கள் குலுங்கும். நைனாவும் சிரிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அதற்கப்புறம் மணி அடிக்கிறவரை அவர் ஆடமாட்டார், அசையமாட்டார். பெண்கள் வரிசை பக்கவாட்டில் இருந்ததால் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மீசைக்கு மேலே வேர்வை திரண்டு, உதட்டில் இறங்கி, மோவாயிலிருந்து சொட்டும். துடைத்துக்கொள்ளமாட்டார்.

நைனா எங்கள் யார்டில் மூத்த லோடுமேன். மணலி போகிற ரோட்டில், துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களைத் திறந்து மூட்டைகளை இறக்கிக் குடோனில் அடுக்குகிற இடம் எங்களுடையது. இறங்குகிற மூட்டைகளுக்குக் கோடு போட்டு எழுதுகிறவள் நான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீடு சடையங்குப்பத்தில். பிள்ளைகள் இல்லை. மனைவி மட்டும்தான். அந்த அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வேலையில் இருக்கிறவரை செல்லும் நைனாவின் இஎஸ்ஐ கார்டின் பேரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. "கார்டு கீற வரைக்கும் தாம்மே அவ கீறா" என்று ஒருமுறை டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, டீயில் சர்க்கரையே இல்லை என்று கடைக்காரரைத் திட்டினார்.

அவர் முழங்கால் ரொம்ப நாளாகவே கெட்டுப்போயிருந்தது. அவரோடு மூட்டை இறக்குகிற கேங் ஆட்கள் அதை ஆபீசுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். அவரைச் சுமக்க விடுவதில்லை. கன்டெய்னருக்குள்ளேயே நிறுத்தி, அடுத்தவன் தலையில் மூட்டையை ஏற்றிவிடுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள். கைக்குத்தான் வேலை, காலுக்கு நடை கிடையாது. லோடுமேன்கள் ஒருத்தனை ஒருத்தன் இப்படித்தான் காப்பாற்றிக்கொள்வார்கள், வாயால் மட்டும் ஒருத்தனையும் விட்டுவைக்கமாட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தியானம் வருகிறவரை.

தியானத்தைக் கொண்டுவந்தவர் எச்.ஆர். மேடம். எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். சிரிக்காமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. "உங்க மனசு நல்லா இருந்தாத்தான் கம்பெனி நல்லா இருக்கும்" என்றார். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் தினமும் தியானம், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். வராதவனுக்கு அன்றைக்கு வேலை போடவில்லை. உடனே எல்லோருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

சொல்லிக்கொடுக்க வந்தவரைத் தியான சார் என்போம். மெலிந்த உடம்பு, வெள்ளை ஜிப்பா, அதட்டத் தெரியாத குரல். நல்லவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும், முடியவில்லை. உட்காருவதில் இவ்வளவு இருக்கிறதா என்று வியக்கும்படி சொல்லிக்கொடுத்தார். உட்காரும் இடம் முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தச் சின்னத் தலையணை. அதன் நடுவில் உட்காராமல் விளிம்பில் உட்கார வேண்டும். இடுப்பெலும்பை லேசாக முன்னால் சாய்த்தால் முதுகு தானாக நிமிரும், நெஞ்சை விடைக்க வேண்டாம். மோவாய் சற்று உள்ளே. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால். கைகள் மடியில், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். காலை மடக்கும்போது திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டுதான், முழங்கால் திரும்பவே கூடாது என்று தினமும் சொல்வார். "முழங்கால் கதவுக் கீல் மாதிரிங்க. திறக்கும், மூடும். திருகினா போச்சு." வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், மெதுவாகக் காலை மாற்றுங்கள், அது தியானத்துக்குத் துரோகம் இல்லை என்றும் சொல்வார்.

எங்கள் ஆட்களின் உடம்பைப் பார்த்து அவர் திகைத்துப்போனார். வருஷக்கணக்காக ஒரே பக்கம் சுமந்ததில் எல்லோருக்கும் ஒரு தோள் இறங்கியிருக்கும், கழுத்து தோளுக்குள் புதைந்திருக்கும். அவர் பின்னால் வந்து இரண்டு தோளையும் சமமாக்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவதற்குள் தோள் பழையபடி இறங்கிவிடும். மூச்சும் அப்படித்தான். "வயிறு நிறைய இழுங்க" என்பார். காற்று மணலி ஃபேக்டரிகள் பக்கமிருந்து திரும்பிய நாட்களில் வயிறு நிறைய இழுத்தால் மூக்கிலிருந்து நெஞ்சுவரை எரியும். குடோன் முழுக்க இருமல் கிளம்பும். "இருமலையும் கவனியுங்க, அது வரும், போகும்" என்பார் சார். "இன்னாத்த கவனிக்கிறது? தொண்டைய புடிச்சிகினு கீது" என்று முனகுவான் ஒருத்தன்.

எனக்குத் தியானம் புதிதில்லை. வியாசர்பாடியில் நாங்கள் இருக்கும் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்த விகாரை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பா எங்களைக் கூட்டிப்போவார். அங்கே மூட்டை தூக்குகிறவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் கவர்மென்ட் ஆபீஸ் ஆட்களும் ஒரே பாயில் உட்காருவோம். என் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருவாள். பாதியில் குறட்டை விடுவாள். யாரும் எழுப்பியதில்லை. அங்கே உட்கார்ந்து எழுந்தால் வாரம் முழுக்கப் பட்ட அவமானத்தில் கொஞ்சம் கழிந்த மாதிரி இருக்கும். அதனால் குடோனில் முதல் வாரம் எனக்குச் சந்தோஷம்தான். நம் வீட்டுச் சாமான் ஒன்றை இங்கேயும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

அந்த வாரத்திலேயே சார் ஒரு நல்ல காரியம் செய்தார். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி கேட்டு வாங்கினார். "நாற்காலியில உக்காந்தாலும் இதே தியானம்தான். பாதம் தரையில படணும், முதுகு சாயக்கூடாது, அவ்வளவுதான். வலிக்கிறவங்க கை தூக்குங்க, வெட்கமே வேண்டாம்" என்றார். சில பேர் கை தூக்கினார்கள். இடுப்பு பிடித்தவன், குடலிறக்கம் இருந்தவன், வயசானவர்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எங்கள் பசங்களுக்குக் கொண்டாட்டம். "ஜட்ஜய்யா வராரு, அல்லாரும் எய்ந்திரி" என்று தினமும் ஓட்டுவார்கள். மேடம் பின்னால் நின்று போன் கேமராவில் படம் எடுப்பார், தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று. நைனா கை தூக்கவில்லை. "சேர்ல குந்துனா இவனுங்க வாயிலேயே என்ன சாவடிச்சிடுவானுங்கோ" என்றார்.

லோடுமேன்களும் கணக்கு எழுதுகிற நாங்களும் எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள். புதுப்பிக்கிற மாதம் வந்தது. ஒருநாள் காலையில் கேட்டில் பாஸைக் காட்டினால் சிலருக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டிப் பார்த்தார்கள், சட்டையில் துடைத்துக் காட்டிப் பார்த்தார்கள். ஜட்ஜய்யாக்கள் அத்தனை பேரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன்தான் முதலில் புரிந்துகொண்டு, "சேர்ல குந்துனவன்லாம் அவுட்டு போலக்கீதே" என்றார். மேடம் கேட்டுக்கே வந்து, வெயிலில் நின்று, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு பேசினார். "ஃபிட்னஸ் முக்கியம் அண்ணா. உங்க நல்லதுக்குத்தான். வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க." டாக்டர் பரிசோதனை என்று வைத்திருந்தால் யூனியன் கேட்டிருக்கும், சண்டை போட்டிருக்கலாம். இங்கே யாருக்கு என்ன கோளாறு என்று அவனவனே கை தூக்கிக் காட்டியிருந்தான். என்ன அருமையான மூளை!

அன்று மத்தியானம் நைனா சோறு சாப்பிடவில்லை. தரையில் பாதிதான் உட்கார்கிறார், வலது முழங்கால் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடுத்த முறை மேடத்தின் கண்ணில் படாமல் போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேங் ஆட்களே வாத்தியார் ஆனார்கள். சாப்பாட்டு நேரத்தில் குடோன் மூலையில் கோணிப்பையை நாலாக மடித்து அவருக்குக் கீழே போட்டு உட்கார வைப்பார்கள். ஒருத்தன் அவர் முதுகுக்குப் பின்னால் தன் முழங்காலை முட்டுக்கொடுப்பான், ஒருத்தன் அவர் தொடையில் இரண்டு கையையும் ஊன்றித் தரைநோக்கி அழுத்துவான். "கத்து நைனா, பரவால்ல, மேடம் சாப்ட போயிக்கீது" என்பான். நைனா கத்தமாட்டார், அம்மா அப்பா என்றுகூடச் சொல்லமாட்டார். நானும் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "வலிச்சா காலை மாத்தலாம்னு சார்தான் சொல்றாரே நைனா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் ஏளனம்கூட இருந்தது.

மூட்டை தலையில் ஏறிவிட்டால் இறக்குகிற இடம்வரை கழுத்தைத் திருப்பக்கூடாது, காலை மாற்றி வைக்கக்கூடாது. கண்ணில் வேர்வை போகும், தோளில் எறும்பு கடிக்கும், அசையக்கூடாது. அசைந்தவன் கழுத்து அன்றைக்கே போச்சு. இந்தத் தொழிலில் இதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும். "இதுவும் மூட்ட தாம்மே. அத்த தலைல ஏத்திகினோம், இது மேல நாம ஏறிகினு கீறோம். மணி அடிச்சா எறக்கிடலாம்" என்றார் நைனா. சார் வாயால் சொன்ன ஆயிரம் வார்த்தையும் அந்த ஒரு பாடத்துக்கு முன்னால் நிற்கவில்லை. காலையில் பஸ் இறங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தார். முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்தது. அசையாமல் இருந்தார், கேட்கவா வேண்டும்.

சார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நாங்களெல்லாம் மூக்கைச் சொறிந்துகொண்டும் கொசுவை விரட்டிக்கொண்டும் இருக்க, ஒரே ஒரு மனிதர் கல்லாகக் குந்தியிருக்கிறார். "இவரைப் பாருங்க. எத்தனையோ வருஷம் பயிற்சி செய்யறவங்களுக்குக்கூட இந்த நிலை வராது" என்று எல்லோருக்கும் காட்டினார். உண்மையாகவே மனம் உருகித்தான் சொன்னார். மேடம் நைனாவை முன்வரிசைக்கு மாற்றினார். அடுத்த முறை காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது நைனாவுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கேங் ஆட்கள் அவரைத் தூக்காத குறை. அன்று சாயங்காலம் அந்த அக்காவுக்கு மல்லிப்பூ வாங்கிக்கொண்டு போனார். பூ வைத்தால் அவளுக்குத் தலை அரிக்கிறதாம், இருந்தாலும் வாங்கினார்.

அப்புறம் கம்பெனியின் பெரிய முதலாளி விருந்தாளிகளோடு யார்டைப் பார்க்க வருகிறார் என்றார்கள். தொழிலாளர் தியானம்தான் அன்றைக்கு முக்கிய நிகழ்ச்சி. குடோன் நடுவில் மூட்டைகளுக்கு அடியில் போடுகிற மரப் பேலட்டுகளை அடுக்கி மேடை போட்டு, துணி விரித்து, நைனாவை உட்கார வைத்தார்கள். சாதாரணச் சம்மணம் போதாது, படங்களில் இருக்கிற மாதிரி முழுப் பத்மாசனம் வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். சார் தயங்கினார், அதை நான் பார்த்தேன். முன்னால் விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சார் மண்டியிட்டு, "அய்யா, மெதுவா" என்று சொல்லி நைனாவின் இடது பாதத்தை எடுத்து வலது தொடைமேல் வைத்தார். பிறகு வலது பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, இழுத்து, இடது தொடைமேல் வைத்தார்.

'மடக்' என்றது. வழக்கத்தைவிடப் பெரிய சத்தம். குடோன் முழுக்கச் சிரித்தது. "நட்டு!" என்றான் பின்வரிசைக்காரன். விருந்தாளிகளும் விஷயம் புரியாமல் சிரித்தார்கள். சார்கூடச் சிரித்துக்கொண்டே எழுந்து மணியைத் தட்டினார்.

நைனா சிரிக்கவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தது. முகம் வெளிறி உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. மடியில் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. மோவாய் சற்று உள்ளே. முதுகு நேராக. சார் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் எழுந்து கத்தியிருப்பேன், அவர் மனைவியின் முகம் நினைவுக்கு வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தது. மணி மறுபடி அடிக்கிறவரை அவர் அப்படியே இருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி மேடையருகே வந்து நைனாவைக் கும்பிட்டார். விருந்தாளிகள் சாப்பிடப் போன பிறகுதான் அவரால் எழ முடியவில்லை என்பது தெரிந்தது. கேங் ஆட்கள் காலைப் பிரிக்கப் பார்த்தார்கள், பிரிக்கும்போதுதான் அவர் முதல் முறையாகக் கத்தினார். அங்கே கேட்க எங்களைத் தவிர யாரும் இல்லை.

முழங்காலுக்குள் எல்லாம் கிழிந்திருக்கிறது, இனி பாரம் தூக்க முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வேலையிடத்து விபத்து என்று கம்பெனி எழுதிக்கொடுத்தால் போதும், அவர் வேலைக்குப் போகாவிட்டாலும் கார்டு நிற்காது என்றார் யூனியன்காரர். அதைக் கேட்க நான் மேடத்திடம் போனேன். "ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அவரே விருப்பப்பட்டு செஞ்சது அக்கா. தியானம் பண்ணும்போது சுளுக்கினதை விபத்துன்னு எப்படி எழுத முடியும்?" என்றார், சிரித்துக்கொண்டே. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். வியாசர்பாடியில் பிறந்தவளுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ் இருக்கு அக்கா. நாளையிலேருந்து முன்வரிசையில உக்காருங்க" என்றார்.

கார்டு உடனே செத்துவிடவில்லை. ஏற்கெனவே கட்டிய பணத்துக்குச் சில மாதம் ஓடியது. அப்புறம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பெயரை எடுத்துவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் கூட்டம், வாரத்துக்கு ஒருமுறை மெஷின் கிடைத்தால் அதிர்ஷ்டம். அக்காவுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு நின்றுவிட்டது.

சாவுக்குப் போயிருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நைனாவால் பொண்டாட்டி பக்கத்தில் தரையில் உட்கார முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். என்னைப் பார்த்ததும் மெதுவாக, "அங்கியே கத்தி இருக்கணும்மே. அவ்ளோ பெரிய மன்சனுங்கோ முன்னாடி கத்தி இருந்தா ஆக்சிடென்ட்டுன்னு எயுதி இருப்பாங்கோ. நா தாம்மே அவள கொன்ட்டேன். அசையாம குந்தியே கொன்ட்டேன்" என்றார். இல்லை நைனா என்று சொல்லத்தான் வந்தேன். அவருடைய கையைப் பிடித்தேன், அவர் விடுவித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சடையங்குப்பத்தில் இல்லை, தங்கை ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்கள்.

தியான சார் இன்னமும் வருகிறார். நைனா தானாக வேலையை விட்டுவிட்டார் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் முன்வரிசையில்தான் உட்காருகிறேன். போன மாதத்திலிருந்து எனக்கு இடது இடுப்பில் ஒரு வலி, சம்மணம் போட்டால் பாதம்வரை சூடு இறங்குகிறது. எனக்குப் பின்னால் உட்காருகிற பெண்ணுக்கு ஏழு மாத வயிறு. முந்தாநாள் சார் எங்களையெல்லாம் பார்த்துக் கைகூப்பி நின்றார். "உண்மையைச் சொல்லுங்க. வெட்கப்படாதீங்க. யாருக்காவது எங்கேயாவது வலி இருக்கா?" என்றார். குடோன் கோடியில் மேடம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு கை எழவில்லை. ஒருத்தர் இருமவில்லை. அத்தனை முதுகும் நிமிர்ந்திருந்தது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வந்தப்போ எத்தனை பேர் கை தூக்கினீங்க, நினைவிருக்கா? இன்னிக்கு ஒருத்தருக்குக்கூட வலி இல்லை" என்று சொல்லி, ஜிப்பா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணியைத் தட்டினார்.